கூட்டுக் கும்பா

மாரித்தாய் தன் வாழ்நாளில் ஒரே ஒரு சட்டம்தான் போட்டார். அந்தச் சட்டம் ஒரு நாள் இருளம்மாளின் வலது காலைக் கேட்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆமத்தூருக்கும் திருத்தங்கலுக்கும் நடுவில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவருடைய ஊர். விடிந்ததும் வெடி ஆலை வண்டிகள் வந்து, கை கால் ஓடுகிற எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சுகிறவர்கள் வயசாளிகள். அவர்களையும் தொழில் சும்மா விட்டதில்லை. ஏஜெண்டு சங்கிலிமுத்து காகிதக் கட்டுகளைத் தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போவார். காகிதத்தில் பசை தடவி, கம்பியில் சுற்றி உருட்டி, வெடிக்கு வேண்டிய குழாயாக்கித் தர வேண்டும். நாற்பது வருடம் ஆலையில் முதுகு ஒடிந்தவர்களுக்கு இந்த நாடு கொடுத்த ஓய்வு இது.

மாரித்தாயும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தவர்தான். எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். வளர்ந்தபின் வெடி ஆலைக்குப் போய், ஒரு சீசன் அவசரத்தில் இடது கை வெந்து வீட்டுக்கு வந்தார். அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்தபோது எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்தே கற்றார். எழுத்து அவரை ஒருபோதும் கீழே தள்ளவில்லை, சைக்கிள்தான் தள்ளியது என்று சொல்வார்.

ஒரு முறை சங்கிலிமுத்துவுக்கு ஒரு யோசனை உதித்தது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் குழாயை எண்ணினால், கை மெதுவான கிழடுகளைக் கழித்துவிடலாம். அவர் முதல் ஆளாக எண்ணத் தொடங்கியது கொட்டகையிலேயே கை மெதுவான இருளம்மாளின் குவியலை. மாரித்தாய் எழுந்து போய் அந்தக் குவியலை அள்ளி, நடுவில் இருந்த பெரிய கடகப்பெட்டியில் கொட்டினார். தன்னுடையதையும் கொட்டினார். மற்றவர்களும் கொட்டினார்கள். அன்றே சட்டம் பிறந்தது. எல்லாக் குழாயும் ஒரே பெட்டி, கூலி சமபங்கு, யார் கை எவ்வளவு உருட்டியது என்று யாரும் எண்ணக் கூடாது. சங்கிலிமுத்து கோபித்துக்கொண்டு லோடு இறக்காமல் இருந்து பார்த்தார். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தார். தொழிலாளர் சட்டப் புத்தகங்கள் எத்தனையோ சாதிக்காததை ஒரு பனையோலைப் பெட்டி சாதித்தது.

இரண்டாயிரத்து ஆறில் விருதுநகரிலிருந்து ஓர் அறக்கட்டளை முதியோர் மருத்துவ வேனோடு வந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மாரித்தாயை எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி, புண் கட்டும் துணி எல்லாம் போட்டு ஒரு நீலப் பை தந்தார்கள். அதைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அவர் ஊரைச் சுற்றினார்.

அந்த வேனின் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முன் இருளம்மாள் பட்ட பாடு தெரிய வேண்டும். அவருக்குச் சர்க்கரை நோய். வலது பாதத்தில் ஆறாத புண். கண்ணில் புரை. மூட்டில் வலி. சர்க்கரைக்கு ஓர் ஊர், புண்ணுக்கு ஓர் ஊர், கண்ணுக்கு மதுரை, மூட்டுக்கு வேறொரு பஸ். கண் பார்த்தவர் காலைக் கேட்கவில்லை. கால் பார்த்தவர், தினமும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எந்தக் கண்ணால் என்று சொல்லவில்லை. மூட்டுக்காரர் நடக்கச் சொன்னார், புண்காரர் நடக்கக் கூடாது என்றார். ஒரு மனுஷியை நாலு துண்டாக்கி நாலு ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொள்வதில்லை என்று அவரையே திட்டவும் செய்தார்கள்.

வேன் அந்தத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. புதன்கிழமை தோறும் வரும். டாக்டர் பாலகுரு, கண் பார்ப்பவர், மூட்டுக்குப் பயிற்சி சொல்பவர் எல்லாரும் ஒரே வண்டியில் வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே இருளம்மாளைப் பற்றிப் பேசினார்கள். முதல் தடவை அவர்கள் தன்னைப் பற்றி ஒருவரோடொருவர் விவாதிப்பதைப் பார்த்த இருளம்மாள், தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை பேர் கூடிப் பேசவில்லை என்று மாரித்தாயிடம் சொன்னார்.

எல்லாம் சரிதான். ஆனால் சர்க்கரை இறங்கவில்லை.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுமாதமும் இறங்கவில்லை. புண் ஓரம் கறுத்தது. பாலகுரு இளைஞர், நல்லவர், ஆனால் பாடம் படித்தவர்களுக்கே உரிய சந்தேகம் அவருக்கு வந்தது. கிழவி திருட்டுத்தனமாகக் கருப்பட்டி தின்கிறார் என்று முடிவு கட்டினார். இருளம்மாளுக்கு வந்த கோபத்தில் ரத்த அழுத்தமும் ஏறியது. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் தின்பதாகக் கட்டின தாலிமேல் சத்தியம் செய்தார். புருஷன் செத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்ததால் டாக்டர் அதை ஏற்கவில்லை.

மாரித்தாய் நம்பினார். அந்தக் கொட்டகைக்காரர்கள் வேலையில் பொய் சொல்வார்கள், சோற்றில் பொய் சொல்ல மாட்டார்கள். மாத்திரை சோற்றோடு சேர்த்தி.

ஆனாலும் வேறு விநோதங்கள் இருந்தன. அழுத்தம் உள்ளவர்களுக்கு அழுத்தம் குறையவில்லை. மூட்டு வலிக்காரர்களுக்கு வலி போகவில்லை. ஒரு சீக்கும் இல்லாதவர்களுக்குத் தலை சுற்றியது. வேன் வந்தபிறகு ஊர் மொத்தமும் சம அளவில் நோயாளி ஆகிக்கொண்டிருந்தது.

சம அளவு என்ற சொல் அப்போதே மாரித்தாயின் மண்டையில் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மொக்கைச்சாமி விழுந்த பிறகுதான் தட்டியது.

மொக்கைச்சாமி கொட்டகைக்குப் பசை காய்ச்சுகிறவர். எழுபது வயதிலும் மூட்டை தூக்குவார். டாக்டர் அவரைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியதை அவர் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தார். அன்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டு விரதம் வேறு. மத்தியானம் பசைச் சட்டியைக் கிண்டிக்கொண்டே, தன் வயதில் தன்னைப்போல் ஓர் ஆள் இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை என்று சொல்லத் தொடங்கியவர், வாக்கியம் முடிவதற்குள் சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கண் சொருகியது. ஏதோ உளறினார்.

மாரித்தாய் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் கோடாங்கி வந்துவிட்டார். நம் ஊர்களில் ஆம்புலன்ஸைவிடக் கோடாங்கிக்கு வேகம் அதிகம். விரதத்தில் பசைச் சட்டியைத் தொட்டதால் முனி அடித்துவிட்டது, ஒரு கிடா வேண்டும் என்று அவர் உடுக்கையை எடுத்திருந்தார். மாரித்தாய் உடுக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் உட்கார்ந்து, மொக்கைச்சாமியின் விரலில் குத்தினார். கருவி காட்டிய எண் அதலபாதாளத்தில் கிடந்தது. சர்க்கரை நோயே இல்லாத மனிதருக்கு, சர்க்கரை மாத்திரையை அளவில்லாமல் தின்றவருக்கு ஆவதுபோல் ஆகியிருந்தது. விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, நிமிர்த்தி உட்கார வைத்து, கருப்பட்டித் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார். சற்று நேரத்தில் மொக்கைச்சாமி கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தார். முனி இறங்கிவிட்டது என்று கோடாங்கி விபூதியைப் பூசினார். கருப்பட்டிக்குப் பயந்து ஓடும் முனியை அன்றுதான் ஊர் பார்த்தது.

மாரித்தாய் விடவில்லை.

"மாமா, காலையிலிருந்து என்ன தின்னீக?"

"வெரதம்த்தா. ஒரு பருக்கை தொடல."

"மாத்திரை?"

"அது தின்னேன். எல்லாரும் தின்னதத்தான் நானும் தின்னேன்."

எல்லாரும் என்ற சொல்லைக் கேட்டு மாரித்தாய் நிமிர்ந்தார். கொட்டகையில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடகப்பெட்டிக்குப் பின்னால், துணி போட்டு மூடிய ஒரு வெண்கலக் கும்பா இருந்தது. துணியை எடுத்தார். உள்ளே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, வட்டம், நீளம் என்று ஊரின் மொத்த வியாதிகளுக்கும் உரிய மாத்திரைகள் கலந்து கிடந்தன.

அவருடைய சட்டம்தான். மாத்திரைக்கு நீட்டித்திருந்தார்கள்.

வேனை வரவழைத்து மொக்கைச்சாமியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த மாத்திரை மறுபடி ஆளைக் கவிழ்க்கும், ஒரு நாளாவது படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு திரும்பி வந்து விசாரித்தார். கதை இப்படி.

முதல் புதன்கிழமை வேன் வந்தபோது சொர்ணலட்சுமியும் வந்திருந்தார். ஊரில் தோட்டமும் கிணறும் உள்ள பெரிய வீட்டு விதவை. அவருக்கு நாற்காலி போட்டார்கள், கொட்டகைக்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். இதைச் செய்தது டாக்டர் அல்ல. யாரும் சொல்லாமலே ஊர் செய்தது. நூறு வருடப் பழக்கத்துக்கு உத்தரவு எதற்கு? கடைசியில் சொர்ணலட்சுமிக்குப் பை நிறைய மாத்திரை, கொட்டகைக்காரர்களில் சிலருக்கு ரெண்டே ரெண்டு, மொக்கைச்சாமிக்கு ஒன்று. சொர்ணலட்சுமிக்கு நோய் அதிகம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நெல் அளப்பதிலும் தண்ணீர் திறப்பதிலும் எப்படியோ அப்படித்தான் இதுவும் என்று புரிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அதுவரை இந்த ஊரில் அள்ளிக் கொடுத்தது எதுவும் தேவையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டதில்லை.

அடுத்த நாள் கொட்டகையில் கும்பாவை வைத்து, அவரவர் மாத்திரையைக் கொட்டி, கஞ்சி குடித்தபின் ஆளுக்கு ஒரு பிடியாகச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். செய்தி பெரிய வீட்டுக்கு எட்டியது. மூன்றாம் நாள் சொர்ணலட்சுமி தன் பையோடு வந்து நின்று, தன்னுடையதையும் கும்பாவில் கொட்டினார். பிள்ளை தோட்டத்துக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அவரோடு பேசுவதற்குச் சுவர்க்கடிகாரம் மட்டும்தான். முதல் முறையாக அவர் கொட்டகைத் தரையில் உட்கார்ந்தார். யாரும் நாற்காலி தேடவில்லை.

ஆஸ்பத்திரிகள் ஓர் உடம்பை நாலாக வெட்டின. கொட்டகைக்காரர்கள் நிறைய உடம்புகளை ஒன்றாக்கினார்கள். இரண்டாவது முட்டாள்தனத்தில் அன்பு இருந்தது என்பதைத் தவிர இரண்டும் ஆளைக் கொல்லக்கூடியவை.

மாரித்தாய் நோய்க்கு நோய் மருந்து வேறு என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு இருளம்மாள் சொன்னார்:

"நீதானத்தா சொன்ன, ஆரு கை எம்புட்டு உருட்டுச்சுன்னு எண்ணப்படாதுன்னு. இப்ப ஆருக்கு எம்புட்டுச் சீக்குன்னு எண்ணச் சொல்ற."

சங்கிலிமுத்துவை வாயடைத்த அதே சட்டம் மாரித்தாயையும் வாயடைத்தது.

அடுத்த புதன்கிழமை டாக்டர் பாலகுருவே பேசினார். ஒரு பெரிய படத்தை விரித்து, கணையம் எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். படத்தில் இருந்தது சீனிக்கிழங்கு என்றும், சர்க்கரை ஏறுவது அதைத் தின்பதால்தான் என்றும் கொட்டகை முடிவு செய்தது. அந்த வாரம் ஊரில் சீனிக்கிழங்கு விற்க வந்தவர் கூடை இறங்காமல் திரும்பிப் போனார். கும்பா மட்டும் கடகப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பசை மூட்டைக்குப் பின்னால் இடம் மாறியது.

புறப்படும்போது டாக்டர் மாரித்தாயைத் தனியாக அழைத்து இருளம்மாளின் காலைப் பற்றிச் சொன்னார். கறுப்பு ஏறுகிறது. அடுத்த புதனுக்குள் சர்க்கரை இறங்கத் தொடங்கினால் ஊசி மருந்தோடு காலைக் காப்பாற்றலாம். இல்லையென்றால் மதுரைக்கு அனுப்பி எடுக்க வேண்டியதுதான்.

மாரித்தாய் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். சட்டம் எங்கே தப்பாகப் போனது என்று யோசித்தார். மறுநாள் காலையில் கொட்டகைக்கு வந்து, பசை மூட்டைக்குப் பின்னாலிருந்து கும்பாவை எடுத்து எல்லோருக்கும் நடுவில் வைத்தார்.

"இருளம்மா அயித்தை கால மதுரையில எடுக்கப் போறாகளாம்," என்றார். "எடுத்ததும் கேட்டு வாங்கிட்டு வாரேன். இதே கும்பாவுல போட்டுப் பங்கு வைங்க. வெரல் ஆளுக்கொண்ணு வரும். மொக்கைச்சாமி மாமாவுக்குக் குதிங்கால்."

யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த மொக்கைச்சாமி மட்டும் தனக்குக் குதிங்கால் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். இருளம்மாள் தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கொளாயை எதுக்குப் பங்கு வச்சோம்?" என்று மாரித்தாய் தொடர்ந்தார். "ஆரு கை மெதுவான கைன்னு சங்கிலிமுத்துக்குத் தெரியக் கூடாதுன்னு. அவனுக்குத் தெரிஞ்சா நமக்குக் கேடு. ஆரு ஒடம்புல என்ன சீக்குன்னு டாக்டர் தம்பிக்குத் தெரியலன்னாலும் நமக்குத்தான் கேடு. ஏஜெண்டுக்கு ஒளிக்கிறத டாக்டருக்கும் ஒளிச்சா அது என்ன பங்கு?"

பிறகு சொர்ணலட்சுமி கையை நீட்டி, இருளம்மாளின் சர்க்கரை மாத்திரை எது என்று தெரியாமல், கும்பாவையே அவர் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு எழுந்தார். மாத்திரைப் பங்கு இல்லையென்றால் தான் இங்கே வருவதற்குக் காரணம் ஏதும் இல்லை என்று அவர் நினைத்தது எல்லோருக்கும் புரிந்தது.

"எங்கன போறீக?" என்று கேட்டார் மாரித்தாய். "கொளாய் உருட்டத் தெரியுமா?"

"தெரியாதே."

"உக்காருங்க. தெரியாதவுகளுக்குத்தான் சமபங்கு."

அன்று மாலையே மாரித்தாய் திருத்தங்கல் போய், அச்சகத்தில் வீணாகக் கழித்துப் போட்ட தீப்பெட்டி லேபிள்களை அள்ளி வந்தார். ஆளுக்கு இரண்டு பெரிய காலித் தீப்பெட்டி, காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. மேலே அவரவர் படம். வேனில் மருந்து கொடுப்பவரை மறுநாளே வரவழைத்து, அவரவர் மருந்தை அவரவர் பெட்டியில் போட வைத்தார்; இனிப் புதன்தோறும் அவரே போட்டுத் தருவார். யார் படம் எது என்பதில் ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது. எல்லோருக்கும் சேவல் வேண்டும். பூனைப் படத்தை ஒருவரும் தொடவில்லை. கடைசியில் சேவல் இருளம்மாளுக்கு என்று தீர்ந்தது. கால் போகப் போகிறவருக்கு அது ஓர் ஆறுதல் என்றார்கள். அதைக் கேட்ட இருளம்மாள், போகப் போகிறது என்று சொன்னவரின் பெயரைக் கேட்டுவிட்டு அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

பழைய சட்டமும் முழுதாகச் சாகவில்லை. மாத்திரை அவரவருடையது, ஆனால் ஒருவர் தின்றதற்குப் பக்கத்தில் இருப்பவர் சாட்சி. தின்னாதவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தின்னாதவரை எல்லோரும் ஏசுவார்கள். ஏச்சும் சமபங்குதான். ராத்திரிப் பெட்டிக்குச் சாட்சியாக, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் சுவர் வழியே கத்திக்கொண்டார்கள்.

மொக்கைச்சாமி பெட்டியில் ஒற்றைச் சத்து மாத்திரை. மற்றவர்கள் பெட்டி குலுங்கும்போது அவருடையது ஊமையாக இருந்தது. சில நாளில் அதுவும் குலுங்கத் தொடங்கியது. மாரித்தாய் பதறிப்போய்த் திறந்து பார்த்தார். உள்ளே புளியங்கொட்டை.

சொர்ணலட்சுமி உருட்டிய குழாய்கள் ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்று புனல், ஒன்று பாக்குவெட்டி. எல்லாம் கடகப்பெட்டிக்குள் போயின. ஒரு நாள் அவர் மகன் லட்சுமிகாந்தம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, பெரிய வீட்டுக்காரி கூலிக்காரர்களோடு உட்கார்ந்து வெடிக்குழாய் உருட்டுவது எப்பேர்ப்பட்ட கேவலம் என்று கேட்டார். தாய் தலை நிமிராமல், பசை தடவிக்கொண்டே சொன்னார்:

"வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டு ஒக்காந்தா கௌரவம், இங்கன மனுச மூஞ்சியப் பாத்தாக் கேவலமாலே? போயித் தோட்டத்துல தண்ணி பாயுதான்னு பாரு."

டாக்டர் கெடு வைத்த புதன்கிழமை வந்தது. மாரித்தாய் இருளம்மாளின் விரலில் குத்தும்போது கொட்டகை மொத்தமும் வேனைச் சுற்றி நின்றது. டாக்டர் கருவியைப் பார்த்தார். மறுபடி குத்தச் சொன்னார். தன் மாத்திரை தன் வயிற்றுக்கே போனதால் இருளம்மாளின் உடம்பு முதல் முறையாக வைத்தியம் பார்த்திருந்தது. இறங்கத் தொடங்கிவிட்டது, மதுரை வேண்டாம், ஊசியும் கட்டும் இங்கேயே தொடரலாம் என்றார் பாலகுரு. கருப்பட்டி தின்றதாகச் சொன்னதற்கு இருளம்மாளிடம் மன்னிப்பும் கேட்டார். மன்னிப்பைச் சத்தமாகக் கேட்கும்படி இருளம்மாள் சொன்னார்.

மாதக்கணக்கில் மாரித்தாய் தினமும் கழுவிக் கட்டினார். புண் ஓரத்தில் சிவப்பு வந்தது, பிறகு சதை வந்தது, பிறகு தோல் மூடியது. சுண்டுவிரல் மட்டும் போயிற்று. அதைப் பங்கு வைக்க யாரும் கேட்கவில்லை.

தைக்கு முன்னால் ஒரு நாள், மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு, யார் தோளையும் பிடிக்காமல், இருளம்மாள் தெருக்கோடியிலிருந்து கொட்டகை வரை நடந்து வந்தார். உட்கார்ந்து, தைரியமாக இரண்டு காலையும் நீட்டினார். அந்த நேரம் பார்த்துச் சங்கிலிமுத்து மினி வேனில் வந்து இறங்கினார். கையில் கம்பெனி திருப்பி அனுப்பிய குழாய்கள். எல்லாம் கோணல். எந்த வெடிக்கும் பொருந்தாத அந்த வடிவங்களைத் தரையில் பரப்பி, இந்தத் தடவை விடப் போவதில்லை, யார் கை என்று தெரிந்தாக வேண்டும் என்று நின்றார்.

சொர்ணலட்சுமி குனிந்துகொண்டார். மொக்கைச்சாமி பசைச் சட்டிக்குள் தீவிரமாக எதையோ தேடினார். மாரித்தாய் வாயைத் திறப்பதற்குள் இருளம்மாள் வலது காலைச் சற்றே தூக்கிக் காட்டினார்.

"நாந்தான் உருட்டினேன் சங்கிலி. கையால இல்ல, இதால. வெட்டுப்படாமத் தப்பிச்சு வந்திருக்கு. சும்மா வச்சுச் சோறு போட முடியுமா? வேலை பளக்குறேன்."